தாயின் குருதியும் சேயின் உயிரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

தாய் தன் பிள்ளைக்குத் தீங்கு நினைப்பாளா? கனவிலும் நினைக்க மாட்டாள். ஆனால் அவள் நினைக்காமலே, அவளுக்குத் தெரியாமலே, அவளுடைய குருதியில் உண்டான ஒரு பொருள் வயிற்றில் வளரும் சிசுவின் உயிரைக் குடித்துவிடுவது உண்டு. இது பாட்டி சொன்ன பழங்கதை அன்று. நம் பாடநூலில் இரண்டு பக்கங்களில் அடங்கிவிடுகிற அறிவியல் உண்மை. தேர்வுக்கு முதல் நாள் இரவு அதை மனப்பாடம் செய்கிறோம். ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். தேர்வு அறையை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுகிறோம். மறக்கத்தக்க செய்தியா அது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரியில் படிக்கும் ஒவ்வொரு மாணவியும், ஒவ்வொரு மாணவனும், படிப்பை முடித்து வெளியேறும்போது பட்டத்தோடு தம் இரத்த வகையையும் தெரிந்துகொண்டு வெளியேற வேண்டும். பிள்ளை தங்கவில்லை என்று பெண்ணைப் பழிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அதே சமயம், இரத்த வகை என்பது இன்னொரு சாதகக் கட்டமாக மாறிவிடவும் கூடாது. இம்மூன்றையும் ஏன் சொல்கிறேன் என்பதை விளக்க, முதலில் அறிவியலைக் கொஞ்சம் பார்ப்போம்.

காக்கும் படையே தாக்கும் படை

நம் உடலுக்குள் அயல் பொருள் ஒன்று நுழைந்தால், அதை எதிர்க்க உடல் தானே ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். அம்மை வந்து போனவருக்கு மறுபடி அம்மை வராததற்கும், தடுப்பூசி வேலை செய்வதற்கும் இதுவே காரணம். எதிர்ப்பொருள்களில் பல வகை உண்டு. அவற்றுள் ஐ.ஜி.ஜி. என்னும் வகை மட்டும் நஞ்சுக்கொடியைக் கடந்து தாயிடமிருந்து சேய்க்குச் செல்லும். இது இயற்கை தந்த சீதனம். பிறந்த குழந்தைக்குத் தானே எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் போதாது. முதல் சில மாதங்கள் தாய் கொடுத்தனுப்பியதை வைத்துத்தான் அது பிழைக்கிறது. கர்ப்பிணிக்கு இரணஜன்னித் தடுப்பூசி போடுவதும் இதனால்தான். ஊசி தாய்க்கு, காப்பு சேய்க்கு! தொப்புள்கொடி வழியாகப் புகும் இரணஜன்னியால் பச்சிளங்குழந்தைகள் மடிந்த கொடுமையை, 2015ஆம் ஆண்டில் இந்தியா ஒழித்துவிட்டதாக உலக நல நிறுவனம் அறிவித்தது. அந்த வெற்றிக்குப் பின்னே நிற்பது தாயின் எதிர்ப்பொருளே.

இப்படிக் காக்கும் படையே சில வேளை தாக்கும் படையாக மாறிவிடுகிறது. அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஆர்.எச். காரணி.

நம் இரத்தச் சிவப்பணுக்களின் மேல் 'டி' என்னும் ஒரு புரதம் இருந்தால் நாம் பாசிட்டிவ், இல்லையென்றால் நெகட்டிவ். நெகட்டிவ் என்பது நோய் அன்று, குறை அன்று. கண்ணின் நிறம் போல அது ஒரு வேறுபாடு, அவ்வளவே. நம் நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர் நெகட்டிவ். ஐரோப்பியரிடையே இது நூற்றுக்கு 15 அளவில் உள்ளது.

நெகட்டிவ் தாயின் வயிற்றில், தந்தையின் வழியில் பாசிட்டிவ் குழந்தை வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாயின் குருதியும் சேயின் குருதியும் சாதாரணமாகக் கலப்பதில்லை. ஆனால் பிரசவத்தின்போது நஞ்சுக்கொடி பிரிகையில் குழந்தையின் இரத்தம் சிறிது தாயின் உடலுக்குள் சென்றுவிடுகிறது. ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாக இருந்தால்கூடப் போதும். தாயின் உடல் 'டி' என்னும் புரதத்தை அதற்கு முன் கண்டதில்லை. ஆகவே அதை அயலான் என்று எண்ணி எதிர்ப்பொருளை உண்டாக்கக் கற்றுக்கொள்கிறது. இதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் முதல் குழந்தை பிறந்து, தொட்டிலில் உறங்கிக்கொண்டிருக்கும். அதற்கு ஒன்றும் நேர்வதில்லை.

ஆபத்து அடுத்த குழந்தைக்குத்தான். உடல் ஒருமுறை கற்ற பாடத்தை மறப்பதில்லை. இரண்டாவது பாசிட்டிவ் கரு வளரும்போது எதிர்ப்பொருள் விரைந்தும் மிகுந்தும் பெருகி, நஞ்சுக்கொடியைக் கடந்து, கருவின் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்குகிறது. கருவுக்கு இரத்தசோகை உண்டாகிறது. நிலை கடுமையானால் இதயம் தளர்ந்து, உடல் முழுவதும் நீர் கோத்து, கரு வயிற்றிலேயே இறந்துவிடலாம். உயிரோடு பிறந்தாலும் அபாயம் நீங்குவதில்லை. சிதைந்த அணுக்களிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. வயிற்றில் இருந்தவரை அதைத் தாயின் உடல் வெளியேற்றி வந்தது. தொப்புள்கொடி அறுந்தபின் அப்பணியைச் செய்ய ஆளில்லை. பிறந்த முதல் நாளிலேயே குழந்தையின் உடல் மஞ்சளாகிறது. அந்த மஞ்சள் மூளையில் படிந்தால் மரணம். அல்லது செவிட்டுத்தன்மை, கைகால் இழுப்பு போன்ற ஆயுட்காலத் துன்பம்.

விடை கண்ட வித்தகர்கள்

இந்நோயின் மூலத்தை உலகம் அறிந்து நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1939ஆம் ஆண்டில் ஃபிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்சன் என்னும் இருவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினர். குழந்தை இறந்தே பிறந்தது. தாய்க்குக் கணவனின் இரத்தத்தை ஏற்றினார்கள். அவள் உடல் அதை ஏற்காமல் துன்புற்றது. குழந்தை தந்தையிடமிருந்து பெற்ற ஏதோ ஒன்று தாயின் உடலில் புகுந்து பகையை மூட்டியிருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். அடுத்த ஆண்டு, 1940இல், ஏ.பி.ஓ. இரத்த வகைகளைக் கண்ட கார்ல் லாண்ட்ஸ்டெய்னரும் அலெக்சாண்டர் வீனரும் ரீசஸ் குரங்கின் இரத்தத்தைக் கொண்டு நடத்திய சோதனையிலிருந்து ஆர்.எச். என்னும் பெயர் பிறந்தது. 1945இல் ராபின் கூம்ஸும் அவருடைய நண்பர்களும் தாயின் குருதியில் இவ்வெதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டும் சோதனையை வகுத்தனர். இன்றும் அது கூம்ஸ் சோதனை என்றே வழங்குகிறது. 1963இல் நியூசிலாந்தில் வில்லியம் லைலி, பிறவாத சிசுவுக்குத் தாயின் வயிற்றிலேயே இரத்தம் ஏற்றிக் காட்டினார்.

இவையெல்லாம் வந்த நோயோடு போராடும் வழிகள். வராமலே தடுக்க வழியுண்டா? இங்குதான் விலங்கியல் மாணவர்களாகிய நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள ஒரு செய்தி இருக்கிறது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து மருத்துவர் சிரில் கிளார்க், ஓய்வு நேரத்தில் வண்ணத்துப்பூச்சிகளை வளர்த்து, அவற்றின் இறக்கை நிறம் எப்படிப் பரம்பரையாக வருகிறது என்று ஆராய்ந்தவர். அந்தப் பூச்சிகளின் மரபணுக்களைப் பற்றிய சிந்தனையே அவரை மனித இரத்தத்தின் ஆர்.எச். மரபுக்கு இட்டுச் சென்றது. 'பூச்சி பிடிக்கும் படிப்பு' என்று நம்மைக் கேலி செய்யும் பிற துறை நண்பர்கள் இதைக் கருத்தில் கொள்வார்களாக!

கிளார்க்கும், ரொனால்ட் ஃபின் என்னும் இளம் மருத்துவரும் ஒன்றைக் கவனித்தார்கள். தாய்க்கும் சேய்க்கும் ஏ.பி.ஓ. வகையும் பொருந்தாமல் இருந்தால் ஆர்.எச். தொல்லை குறைவாகவே வருகிறது. தாயிடம் இயல்பாக இருக்கும் எதிர்ப்பொருள், உள்ளே புகுந்த குழந்தையின் அணுக்களை உடனே அழித்துவிடுவதால், 'டி'யைக் கண்டு பாடம் கற்க உடலுக்கு நேரம் இருப்பதில்லை. அப்படியானால் 'டி'க்கு எதிரான எதிர்ப்பொருளையே நாம் வெளியிலிருந்து ஊசியாகப் போட்டால் என்ன? முள்ளை முள்ளால் எடுக்கும் வழி! அமெரிக்காவில் நியூயார்க்கில் ஃப்ரேடா, கார்மன், பொல்லாக் என்னும் மூவரும் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்து, சிங் சிங் சிறைச்சாலையில் தாமாக முன்வந்த கைதிகளிடம் சோதித்துப் பார்த்தனர். 1968இல் ஆன்டி-டி ஊசி அமெரிக்காவில் உரிமம் பெற்றது. ஐவருக்கும் 1980ஆம் ஆண்டு லாஸ்கர் விருது கிடைத்தது.

இந்த ஊசி மருந்து மனிதக் குருதியிலிருந்தே பெறப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 14 வயதில் பெரிய அறுவை மருத்துவத்துக்கு ஆளாகி, பிறர் கொடுத்த இரத்தத்தால் பிழைத்தார். 18 வயது நிறைந்ததும், 1954 முதல் தாமும் கொடுக்கத் தொடங்கினார். அவர் குருதியில் ஆன்டி-டி எதிர்ப்பொருள் மிகுந்திருப்பது பின்னர் தெரியவந்தது. 2018 வரை 1,173 முறை அவர் கொடை அளித்தார். அதனால் 24 இலட்சம் குழந்தைகள் காக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். ஊசியைக் கண்டால் அவருக்கு அச்சம்; ஒரு முறைகூட ஊசி ஏறுவதை அவர் பார்த்ததில்லையாம். 2025 பிப்ரவரியில் தம் 88ஆம் வயதில் மறைந்தார். கொடைக்குக் கர்ணனைச் சொல்கிறோம். இவரையும் சேர்த்துச் சொன்னால் தவறில்லை.

வயிற்றின் மேல் விழுந்த பழி

அறிவியல் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் வீடுகள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பாவுக்கு மூத்தவர் எங்கள் அத்தை. அவருக்கு முதலில் பிறந்த பிள்ளை நல்லபடியாக இருக்கிறார். எனக்கு அத்தான் முறை. அடுத்துப் பிறந்த பெண் குழந்தை மஞ்சளாகி, நான்காம் நாள் இறந்தது. அதற்கடுத்தது இறந்தே பிறந்தது. அத்தைக்குத் தாயத்துக் கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், 'தலைச்சனை மட்டும் தக்கவைத்துக்கொண்டு மற்றதை விழுங்குகிற வயிறு' என்று பேசினார்கள். கல்யாணத்தில் ஆரத்தி எடுக்க அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பல ஆண்டுகள் கழித்து வேறொரு அறுவைக்காக இரத்தம் பார்த்தபோது அத்தை நெகட்டிவ் என்றும், மாமா பாசிட்டிவ் என்றும் தெரிந்தது. அந்தக் காகிதம் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது. அதன் பொருள் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் இப்பகுதி வந்தபோது எனக்குப் புரிந்தது. எதிர்ப்பொருள் இருந்ததா என்று அன்று எவரும் சோதிக்காததால், இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவர் அல்லள். ஆனால் தலைச்சன் பிழைத்து, பின்னது மஞ்சளாகி, அதற்குப் பின்னது வயிற்றிலேயே இறந்த அந்த வரிசை, பாடநூலில் உள்ள வரிசையேதான். நான் அத்தையிடம் உட்கார்ந்து படம் போட்டு விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ என் மேல குத்தம் இல்லையா பாப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். முப்பது ஆண்டுகளாக அக்கேள்விக்கு விடை சொல்ல ஊரில் ஆள் இல்லை. படித்தவர்கள் என்று பெயர் வாங்கும் நாம் யாருக்காகப் படிக்கிறோம் என்பதை நான் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

ஒரு சிறு கணக்கு

இதைக் கேட்டவுடன் சிலர், "அப்படியானால் நெகட்டிவ் பெண்ணைக் கட்டாமல் இருந்தால் தீர்ந்தது" என்பார்கள். இதைவிட அறிவற்ற முடிவு வேறில்லை. நூற்றுக்கு 5 பெண்கள் நெகட்டிவ். அவர்களுக்கு வாய்க்கும் கணவர்களில் நூற்றுக்கு 95 பேர் பாசிட்டிவ். ஆகப் பொருத்தம் பாராமல் நடக்கும் 20 திருமணங்களில் ஏறத்தாழ ஒன்று இத்தகையதே. இத்தனை பெண்களையும் வீட்டில் உட்கார வைத்துவிடலாமா? ஊசி மருந்து வருமுன்பே, இவர்களில் ஒவ்வொரு நூறு பேரிலும் ஏறத்தாழ 16 பேருக்குத்தான் எதிர்ப்பொருள் உண்டானது. பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் அது ஒன்று இரண்டாகக் குறைகிறது. கர்ப்பத்தின் 28ஆம் வாரத்திலும் ஓர் ஊசி போட்டுவிட்டால் ஆயிரத்துக்கு ஒன்று இரண்டு என்னும் அளவுக்கு இறங்குகிறது. ஓர் ஊசியால் தீரும் சிக்கலுக்காக ஒரு பெண்ணின் வாழ்வைத் தீர்க்கலாமா?

வேறு சில தவறான எண்ணங்களும் நாட்டில் உலவுகின்றன. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே இரத்த வகை என்றால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்கிறார்கள், அது உண்மையன்று. கணவன் நெகட்டிவ், மனைவி பாசிட்டிவ் என்றால் ஆபத்து என்கிறார்கள், அதுவும் உண்மையன்று. தாய் தந்தை இருவரும் பாசிட்டிவ், பிள்ளை மட்டும் நெகட்டிவ் என்றால் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். மெண்டலின் விதியைப் படித்தவருக்கு இதில் வியப்பு ஏது? ஓங்கு பண்பின் நிழலில் ஒடுங்கு பண்பு இருவரிடமும் மறைந்திருந்தால், நான்கில் ஒரு பிள்ளை நெகட்டிவாகப் பிறக்கக்கூடும். அரைகுறை அறிவு, அறியாமையை விடப் பொல்லாதது.

தாயின் எதிர்ப்பொருளால் வரும் தொல்லை இது ஒன்று மட்டுமன்று. சில பெண்களுக்கு உடலின் கொழுப்புப் புரதக் கூட்டுகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாகி, இரத்தம் உறைந்து, கரு மீண்டும் மீண்டும் கலைகிறது. ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொண்டு மருத்துவர் கண்காணிப்பில் அவர்களுள் பலர் பிள்ளை பெறுகிறார்கள். வேறு சில எதிர்ப்பொருள்கள் கருவின் இதயத் துடிப்பைத் தாமதப்படுத்துகின்றன. ஆகவே, பிள்ளை தங்கவில்லை என்றால் போக வேண்டிய இடம் மருத்துவமனையே. மந்திரவாதியின் வீடு அன்று.

செய்ய வேண்டியவை

"கர்ப்பமானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்து அட்டையில் எழுதுகிறார்களே, பிறகு நமக்கென்ன கவலை?" என்று கேட்கலாம். எழுதுகிறார்கள், அது பாராட்டத்தக்கது. ஆனால் எழுதியதைப் படிப்பவர் யார்? நம் பக்கத்து வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். பெண் ஓர் ஊரில் அட்டை போடுகிறாள். இன்னோர் ஊரில் பிள்ளை பெறுகிறாள். கணவன் மூன்றாவது ஊரில் வேலை பார்க்கிறான். அவனுடைய இரத்த வகை யாருக்கும் தெரியாது. இடையில் மூன்று நாள் கெடு கழிந்துவிடுகிறது. நான்கைந்து மாதத்தில் கரு கலைந்தால், வெளியே சொல்ல வெட்கப்பட்டு வீட்டோடு முடித்துக்கொள்கிறோம். 12 வாரத்துக்குட்பட்ட கருக்கலைப்புக்கு ஊசி தேவையில்லை என்று உலக நல நிறுவனம் 2022இல் அறிவுறுத்தியுள்ளது. அதற்குப் பிந்திய கருச்சிதைவுக்கும், வயிற்றில் அடிபட்டு இரத்தப்போக்கு நேர்ந்தாலும் மருத்துவரிடம் போய், "நான் நெகட்டிவ்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். தனக்கே தெரியாததை அவள் எப்படிச் சொல்வாள்? உலகில் இந்த ஊசி தேவைப்படும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது கிடைப்பதில்லை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கண்டுபிடித்து அரை நூற்றாண்டு கடந்தும் இந்த நிலை!

ஆகவே, என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைக் கல்லூரியின் முன் வைக்கிறேன்.

முதலாவது: இரத்ததான முகாமில் கொடை அளிப்பவரின் வகை மட்டுமே குறிக்கப்படுகிறது. இரத்தசோகை என்று திருப்பி அனுப்பப்படும் மாணவிகள் வகை தெரியாமலே போகிறார்கள். முகாமின்போது கொடை அளிக்க இயலாதவருக்கும் வகை பார்த்துச் சீட்டுத் தர வேண்டும்.

இரண்டாவது: நம் விலங்கியல் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் இரத்த வகைச் சோதனை செய்கிறோம். கண்ணாடித் தகட்டில் மூன்று துளி மருந்து, மூன்று துளி இரத்தம், சில நிமிட நேரம், அவ்வளவுதான். பேராசிரியர்களின் மேற்பார்வையில், ஆளுக்கொரு புதிய ஊசிமுனையுடன், தமிழ், வரலாறு, வணிகவியல் துறை மாணவர்களுக்கும் இதைச் செய்து தரலாம். நெகட்டிவ் என்று தெரிபவர் அதை மருத்துவமனையில் மறுபடி உறுதி செய்துகொள்ளட்டும்.

மூன்றாவது: மாணவ நண்பர்களே, இதைப் பெண்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குழந்தைக்குப் பாசிட்டிவைக் கொடுப்பவர் தந்தை. உங்கள் வகை தெரிந்தால்தான் மருத்துவருக்கு வழி தெரியும்.

நான்காவது: ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்துகிறோம். சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு ஆக்கிப் போடுகிறோம். 28ஆம் வாரம் என்பதும் ஏறத்தாழ அதே ஏழாம் மாதம்தான். வளையல் வாங்கப் போகிற வீட்டார், பெண் நெகட்டிவாக இருந்தால் 'ஊசி போட்டாயிற்றா?' என்று ஒரு வார்த்தை மருத்துவமனையில் கேட்டுவிட்டு வரட்டும். வளையல் ஓசை வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். அந்தப் பிள்ளை பிழைத்துப் பிறக்க ஊசியும் வேண்டும்.

பட்டம் பெற்றவர் தம் வீட்டுக்கு மட்டும் விளக்கேற்றினால் போதாது. நம்முள் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். நாம் சொன்னால் கேட்கப் பாட்டி இருக்கிறார், சித்தி இருக்கிறார், பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, ஒரே ஒரு கர்ப்பிணியின் அட்டையை வாங்கிப் படித்துப் பாருங்கள். இரத்த வகை எழுதிய கட்டத்தில் நெகட்டிவ் என்று இருந்தால், அதன் பொருளை அவருக்கும் அவர் கணவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்த பாடம் ஓர் உயிரைக் காக்குமானால், அந்தத் தேர்வில் நாம் முதல் வகுப்பில் தேறியதாகக் கொள்ளலாம்.